செராவின் திமிரும் முக்கொம்பன் – நெடுங்கழுத்தன் பகையும்

வாசகர் கேள்வி, மார்ச் 2

‘தி லேண்ட் பிஃபோர் டைம்’ டைனோசார் கார்ட்டூன் படங்களை வரிசையாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். முக்கொம்பர் இனத்துக் குட்டி செராவை என்னால் தாங்க முடியவில்லை. பொய் சொல்கிறாள், பீற்றிக்கொள்கிறாள், எல்லாரையும் தப்பான வழியில் இழுத்துப் போகிறாள், மன்னிப்பும் கேட்பதில்லை. நெடுங்கழுத்தர் இனத்து லிட்டில்ஃபுட் எவ்வளவு தங்கமான பிள்ளை! இனப் பகை, இனப் பகை என்று படம் சொல்வதெல்லாம் அவள் குணத்துக்கு ஒரு சாக்காகத்தான் தெரிகிறது. வேறு யாருக்காவது இப்படித் தோன்றியதா?

மார்ச் 2, இரவு

எனக்கு நேர்மாறாகத்தான் தோன்றியிருக்கிறது. இந்தத் தொடரின் பெரிய குறையே லிட்டில்ஃபுட்டுக்குக் குறை இல்லாததுதான். பயப்படுவான், அழுவான், ஆனால் அவர்கள் தேடிப்போகும் பெரிய பள்ளத்தாக்குக்கு எப்போதும் சரியான வழி அவனுக்குத்தான் தெரியும், ஏனென்றால் அம்மா சொல்லிவிட்டுச் செத்துப்போனாள். மற்ற நாலு பேரும் (செரா, டக்கி, பெட்ரி, ஸ்பைக்) தப்பு செய்வதற்காகவே கூட வருகிறார்கள், அதிலும் பெரும்பங்கு செராவின் தலையில். கதையில் யாராவது ஒருவர் தப்பாகப் போனால்தானே கதை நகரும்?

அப்புறம் அந்தப் ‘பொய்’. 1988-இல் வந்த முதல் படத்தை மறுபடி போட்டுப் பாருங்கள். செரா பள்ளத்தில் விழுந்து கிடக்கும் கூர்ப்பல்லனை, அதாவது இவர்களைத் தின்னத் துரத்தும் டைரனோசாரஸை, பார்க்கிறாள், செத்துவிட்டான் என்று நினைத்துப் பின்னால் போய் ஓடி வந்து முட்டுகிறாள். ஒரு முறையோடு நிறுத்தவில்லை. கண் திறக்கிறது. அலறிக்கொண்டு ஓடி வந்து லிட்டில்ஃபுட்டிடமும் டக்கியிடமும் சொல்கிறாள். அதில் தன் வீரத்தைக் கொஞ்சம் தூக்கலாகச் சேர்த்துக்கொள்கிறாள், சரி. ஆனால் செய்தி உண்மை. கூர்ப்பல்லன் உயிரோடுதான் இருக்கிறான். அவன் செத்துப்போய்விட்டான் என்று அடித்துச் சொல்கிறவன் லிட்டில்ஃபுட். அந்த இடத்தில் தவறு யாருடையது? யாரும் அவனைக் குறை சொல்வதில்லை, ஏனென்றால் அவன் மரியாதையாகப் பேசுகிறான்.

மார்ச் 3

இன்னொரு காட்சி. நண்டுசிண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி உயரமான மரத்திலிருந்து இலை பறிக்கின்றன. செராவைக் கூப்பிடுகிறார்கள், வரமாட்டேன் என்கிறாள். தனியாக ஒரு மரத்தை முட்டு முட்டு என்று முட்டுகிறாள், ஒன்றும் தேறவில்லை. லிட்டில்ஃபுட் ஒரு கொத்து இலையை அவள் பக்கம் தள்ளிவிடுகிறான். தானே விழவைத்ததாக நினைத்துக்கொண்டு, பார்த்தீர்களா, என்னை நானே பார்த்துக்கொள்வேன் என்று பெருமையடிக்கிறாள். பிறகு, கூர்ப்பல்லன் உங்களைச் சாப்பிடாமல் இருக்கட்டும் என்ற பாணியில் எதையோ சொல்லிவிட்டுத் தனியாகப் படுக்கப் போகிறாள். கொஞ்ச நேரத்தில் குளிர். எல்லாரும் ஒட்டிப் படுத்திருக்கிறார்கள். கடைசியில் அவளும் வந்து ஒட்டிக்கொள்கிறாள். வசனமே கிடையாது.

மன்னிப்புக் கேட்பதில்லை என்கிறீர்கள். அந்தக் குளிர்க் காட்சியைத்தான் நான் மன்னிப்பாக எடுத்துக்கொள்கிறேன். சில வீடுகளில் அப்படித்தான். சண்டை முடிந்தது என்று யாரும் சொல்ல மாட்டார்கள், தட்டில் இன்னொரு தோசை வந்து விழும்.

மார்ச் 3, பிற்பகல்

எங்கள் வீட்டு நிலவரம்: அக்கா பிள்ளைகள் இந்தப் படத்தை வைத்து விளையாடும்போது பெரியவள் எப்போதும் செரா, சின்னவன் ஸ்பைக் (பேச வேண்டியதில்லை, சாப்பிட்டால் போதும்). லிட்டில்ஃபுட் ஆவதற்கு ஆளே கிடைக்காது. என்னை உட்காரவைத்து லிட்டில்ஃபுட் ஆக்கிவிடுவார்கள், என் வேலை முட்டு வாங்குவது. கதாநாயகன் வேடத்தை விருந்தாளிக்குத் தள்ளிவிடுகிற ஒரே படம் இதுவாகத்தான் இருக்கும்.

மார்ச் 5

இனப் பகைக்கு வருவோம், அது சாக்கு என்று சொன்னதற்கு.

செராவின் அப்பா வந்து குறுக்கே நின்று, முக்கொம்பர்கள் நெடுங்கழுத்தர்களோடு விளையாடுவதில்லை என்று சொல்லும் இடம் எல்லாருக்கும் நினைவிருக்கும். அதற்கு அடுத்ததைப் பலர் விட்டுவிடுகிறார்கள். லிட்டில்ஃபுட் அம்மாவிடம் போய்க் கேட்கிறான். அந்த அம்மா, படத்திலேயே மிகவும் அன்பான ஜீவன், என்ன சொல்கிறாள்? எல்லாரும் அவரவர் இனத்தோடுதான் இருப்போம், சேர்ந்து எதுவும் செய்வதில்லை. ஏன்? நாம் வேறு வேறு. எப்போதுமே அப்படித்தான்.

அதாவது செராவின் அப்பாவும் லிட்டில்ஃபுட்டின் அம்மாவும் சொல்வது ஒன்றேதான். அவர் உறுமுகிறார், இவள் வருடிக்கொடுத்துச் சொல்கிறாள். என் கணக்கில் முதல் படம் செய்த நல்ல காரியம் இதுதான்: வழக்கத்தைக் கெட்டவன் வாயில் மட்டும் வைக்கவில்லை. லிட்டில்ஃபுட் அதிலிருந்து தப்பித்ததற்கு அவன் குணம் மட்டும் காரணம் கிடையாது. அம்மா போய்விட்டாள், தாத்தா பாட்டி நிலநடுக்கத்தில் உண்டான பிளவுக்கு அந்தப் பக்கம், பாடம் பாதியில் நின்றுவிட்டது. செராவும் பிளவில் அப்பாவைப் பிரிந்தவள்தான், ஆனால் அவள் பாடத்தை முழுசாகப் படித்து முடித்துவிட்டாள். அப்பா பக்கத்தில் இல்லாத நேரத்தில் அவரைப்போல நடந்துகொள்வது அவளுக்கு அவரைக் கூடவே வைத்துக்கொள்வது மாதிரி.

மார்ச் 5, இரவு

மேலே எழுதியதில் கொஞ்சம் அதிகமாகவே அவளுக்கு வக்காலத்து வாங்கிவிட்டேனோ என்று இருக்கிறது. மலைப்பக்கம் நடக்கும் சண்டையில் அவள் செய்வது கொடுமை. அம்மா காட்டிய வழி என்று லிட்டில்ஃபுட் சொல்ல, செத்துப்போன அந்த அம்மாவையே முட்டாள் நெடுங்கழுத்து என்கிறாள். அதற்கு அப்பா, வளர்ப்பு, எதையும் காட்டித் தப்பிக்க முடியாது. அவளுக்கே தெரியும், எங்கே அடித்தால் வலிக்கும் என்று.

ஆனால் ஒன்று, அந்தச் சண்டையில்தான் லிட்டில்ஃபுட் முதன்முதலாக ஒரு பிள்ளையாகத் தெரிகிறான். பாய்ந்து முட்டுகிறான். முக்கொம்பனோடு முட்டிச் சண்டை போடுகிற நெடுங்கழுத்தன்! மற்ற மூவரும் செரா பின்னால் போய்விடுகிறார்கள், அவள் காட்டிய வழி சுலபமான வழி என்பதால். பெட்ரி தாரில் சிக்க, டக்கியும் ஸ்பைக்கும் நெருப்புக் குழம்பில் மாட்ட, லிட்டில்ஃபுட் வந்து காப்பாற்றுகிறான். அதோடு செரா அழுதுகொண்டு தனியாகப் போய்விடுகிறாள். திட்டு வாங்கி அழவில்லை, மற்றவர்கள் சிரித்ததால் அழுகிறாள். நாலு பேரும் தார் பூசிக்கொண்டு பேய் மாதிரி வந்து அவளைத் தாக்கியவர்களை விரட்டினார்கள், அவளும் பயந்துவிட்டாள், அதைப் பார்த்து எல்லாரும் சிரிக்கிறார்கள். உதவி வாங்கியது, பயந்தது, இரண்டையும் மற்றவர்கள் பார்த்துவிட்டது. அப்பா சொல்லித்தந்த பாடத்தில் மூன்றுமே கிடையாது.

மார்ச் 8

டக்கிக்குக் குறையே இல்லையா என்று கேட்டவருக்கு: 2001-இல் வந்த 8-ஆம் படம் பாருங்கள். ஸ்பைக்கின் குறட்டை தாங்காமல் எரிந்து விழுகிறாள், அவன் தன் இனத்துக் கூட்டம் ஒன்றோடு கிளம்பிப் போய்விடுகிறான். முட்டையிலிருந்து வந்த நாள் முதல் டக்கியோடு இருந்து, அவளுடைய நீர்வாழ் குடும்பத்தில் வளர்ந்தவன், தன்னைப் போன்ற முதுகுத் தகடுக்காரர்களைப் பார்த்ததும் போகிறானே, அது இனமா, மனஸ்தாபமா? படம் இரண்டையும் சேர்த்துக் கட்டி விட்டுவிடுகிறது. எனக்கு மனஸ்தாபம் என்றுதான் படுகிறது. வீட்டில் எரிச்சல் படாமல் இருந்திருந்தால் அவன் திரும்பிப் பார்த்திருக்கவே மாட்டான்.

முதல் படத்து டக்கியைப் பற்றிக் குறை பேச எனக்கு வாய் வராது. குரல் கொடுத்த ஜூடித் பார்ஸி படம் திரைக்கு வருவதற்குச் சில மாதங்களுக்கு முன்பு இறந்துபோனாள், 10 வயது. அந்தக் கதையை இங்கே விரிக்க வேண்டாம்.

மார்ச் 9

ஒருவர் இதை அப்படியே சாதிப் படம் என்று எழுதியிருக்கிறார். நம் ஆட்கள் இதைப் பார்த்தால் வேறு எது ஞாபகம் வரும்? அந்த அப்பா வசனத்தைத் தமிழில் யோசித்துப் பார்த்தால் கூசுகிறது. ஆனால் ஒப்பிட்டுக்கொண்டே போனால் ஓரிடத்தில் கதை கைவிட்டுவிடும். இலை தின்கிறவர்களுக்குள் இருக்கும் ஒதுக்கல் வெறும் வழக்கம், நீக்கினால் யாருக்கும் நஷ்டமில்லை. கூர்ப்பல்லனுக்கும் இவர்களுக்கும் இருப்பது வழக்கமா? அது வயிறு. இரண்டையும் ஒரே பெயரில் ‘பகை’ என்று எழுதினால், ஒதுக்கப்பட்டவனும் கடிக்கிறவனும் ஒன்றாகிவிடுவார்கள். சாதியோடு ஒப்பிடுகிறவர்கள் இந்தப் பக்கம் கொஞ்சம் பார்த்து நடக்கவேண்டும்.

முதல் படத்துக்கு இந்தச் சிக்கல் இல்லை. அதில் கூர்ப்பல்லன் பேசுவதே இல்லை, வெறும் பசியும் வன்மமும். இயக்கியவர் டான் புளூத். தயாரிப்பாளர் பட்டியலில் ஸ்பீல்பெர்க், லூகாஸ் இருவரும் உண்டு. குழந்தைகள் பயந்துவிடுவார்கள் என்று ஏறக்குறைய 10 நிமிடத்தை வெட்டினார்கள், அதில் கூர்ப்பல்லன் காட்சிகள் நிறைய. வெட்டிய பிறகும் 70 நிமிடம்கூட வராத படத்தில் அவன்தான் மனதில் நிற்கிறான்.

சிக்கல் ஆரம்பிப்பது 1994-இல், இரண்டாம் படத்தில்.

மார்ச் 9, இன்னும் கொஞ்சம்

சாம்ப்பர். லிட்டில்ஃபுட் கூட்டம் தூக்கி வந்த முட்டையிலிருந்து வரும் கூர்ப்பல் குட்டி. குட்டி அழகு, கண் பெரியது, கூப்பிட்டால் வருகிறது. இலையைக் கொடுத்தால் துப்புகிறது. சரி, நேர்மையான தொடக்கம். செரா மேல் பல்லை வைக்கப் போகிறது, லிட்டில்ஃபுட் கத்துகிறான். லிட்டில்ஃபுட்டுக்கு ஒரு நியாயமான தோல்வி கிடைக்கும் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். பாசத்தால் வயிற்றை மாற்ற முடியாது என்ற இடம் வரும் என்று பார்த்தால், குட்டியின் அம்மா அப்பாவைக் கொண்டுவந்து, குட்டியை அனுப்பி, கதையை மூடிவிடுகிறார்கள். 1997-இல் 5-ஆம் படத்தில் ஒரு தீவில் மறுபடி சந்திக்கிறார்கள், அந்த அம்மா அப்பாவும் இவர்களைத் தின்னாமல் விடுகிறார்கள். நட்பு என்பதால். சரி, மற்ற நாட்களில் அந்தத் தீவில் அவர்கள் என்ன சாப்பிடுகிறார்கள்? ஒரு காட்சிகூட இல்லை.

2007-இல் தொலைக்காட்சித் தொடராக வந்தபோது சாம்ப்பர் பள்ளத்தாக்கிலேயே குடிவந்துவிட்டான், பூச்சி தின்றுகொண்டு. பூச்சி! வளர்ந்தால் சில டன் எடை வரப்போகிற ஜென்மம்.

மார்ச் 11

தொல்லுயிர் விஷயம் தெரிந்த ஒருவர் கோபமாக எழுதியிருக்கிறார், இந்த ஐந்து பேரும் ஒரே காலத்தில் இருந்ததே இல்லை என்று. உண்மைதான், ஆனால் அது இந்தப் பேச்சுக்கே ஒரு சுவையான திருப்பம் தருகிறது.

நெடுங்கழுத்தன் லிட்டில்ஃபுட் அப்பட்டோசாரஸ், ஸ்பைக் ஸ்டெகோசாரஸ். இரண்டும் சுமார் 15 கோடி ஆண்டுகளுக்கு முந்தியவை, அமெரிக்க மேற்கில் ஒரே பாறை அடுக்கில் கிடைக்கின்றன. செராவின் டிரைசெராடாப்ஸும் கூர்ப்பல்லனின் டைரனோசாரஸ் ரெக்ஸும் சுமார் 6.8 கோடியிலிருந்து 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பு வரை. நடுவில் 8 கோடி ஆண்டு. ஸ்டெகோசாரஸுக்கும் டைரனோசாரஸுக்கும் உள்ள இடைவெளியைவிட நமக்கும் டைரனோசாரஸுக்கும் உள்ள இடைவெளி குறைவு. பெட்ரி டைனோசாரே கிடையாது, பறக்கும் ஊர்வன.

அப்படியென்றால் லிட்டில்ஃபுட்டின் அப்பட்டோசாரஸைக் கூர்ப்பல்லன் துரத்தியதே இல்லை. துரத்தப்பட்டது செராவின் இனம். டிரைசெராடாப்ஸ் எலும்புகளில் டைரனோசாரஸ் பல் பதிந்த தடங்கள் இருக்கின்றன, ஒரு மண்டையோட்டில் கொம்பு கடிபட்டு முறிந்து பிறகு ஆறியிருக்கிறது. ஆறியது என்றால் அந்த விலங்கு தப்பித்து மேலும் வாழ்ந்தது. தூங்குகிற கூர்ப்பல்லனைப் போய் முட்டுகிற பெண்ணுக்கு இதைவிட நல்ல பரம்பரை வேண்டுமா?

இன்னொன்று. டிரைசெராடாப்ஸின் கழுத்துக் கேடயத்தில் இருக்கும் காயத் தடங்களை எண்ணி 2009-இல் ஓர் ஆய்வு வந்தது. அவற்றில் பல, இன்னொரு டிரைசெராடாப்ஸின் கொம்பு பட்டதாக இருக்கலாம் என்று அதில் சொல்கிறார்கள். முக்கொம்பர்கள் முக்கொம்பர்களோடுதான் நன்றாக முட்டிக்கொண்டிருக்கிறார்கள். ‘நம் இனம், நம் இனம்’ என்று உறுமுகிற அந்த அப்பாவுக்கு யாராவது இதை அனுப்பி வைக்கவேண்டும்.

மார்ச் 14

இலை தின்கிறவர்களுக்குள் இருப்பது வெறும் வழக்கம் என்று 9-ஆம் தேதி எழுதியதை இன்னும் கொஞ்சம் தோண்டவேண்டும், ஏனென்றால் 1995-இல் வந்த மூன்றாம் படம் அதற்கு இடைஞ்சல். பள்ளத்தாக்கில் தண்ணீர் வற்றுகிறது. உடனே எந்த இனம் அதிகம் குடிக்கிறது, யார் குட்டையைக் கலக்கியது என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். செராவின் அப்பா முன்வரிசை. ஹிப், மட், நாட் என்று மூன்று வளர்ந்த போக்கிரிகள் சின்னப் பிள்ளைகளை மிரட்டுகிறார்கள். பிறகு பார்த்தால் மேலே எங்கேயோ விண்ணிலிருந்து விழுந்த பாறைகள் நீரோட்டத்தை அடைத்திருக்கின்றன. காரணம் ஒரு அடைப்பு, குற்றவாளிகளாக நிற்பது பக்கத்து இனம்.

தொடரிலேயே நேர்மையான படம் என்று இதைத்தான் சொல்வேன். பாட்டு வந்து பாதியில் கழுத்தறுக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் உள்ளபோது வழக்கமாக இருந்தது, தண்ணீர் குறைந்ததும் பகையாகிறது. ஹிப்பின் அப்பா ஹிப்பை அதட்டுகிற விதத்தையும் கவனியுங்கள், செரா ஹிப் மாதிரி ஆகாமல் தப்பியதற்கு அந்த நாலு பேர்தான் காரணம் என்று புரியும்.

நிஜ உலகத்தில் இது எப்படி என்றால், லிட்டில்ஃபுட் காலத்துப் பாறையில் பல வகை நெடுங்கழுத்தர்கள் ஒன்றாகவே கிடைக்கிறார்கள். கமராசாரஸுக்குக் கரண்டி மாதிரி தடித்த பல், டிப்ளோடாகஸுக்குக் குச்சி குச்சியாகப் பல். ஒருவர் முரட்டுத் தழையைக் கடிக்க, இன்னொருவர் கொப்பை உருவிவிட்டுப் போவார். தீனியில் மோதல் குறைவு. தண்ணீரில் அப்படிப் பிரித்துக்கொள்ள முடியாது, எல்லா வாய்க்கும் ஒரே குட்டை.

மார்ச் 15

ஆமாம், டெரனோவை விட்டுவிட்டேன். 2000-இல் வந்த 7-ஆம் படம், பெட்ரியின் மாமா. முன்பு ஒரு கூட்டத்தைத் தனியாகப் பிரித்துக் கூட்டிப் போய், கூர்ப்பல்லர்கள் வந்தபோது இவன் பறந்துவிட்டான், நடக்கிறவர்கள் செத்தார்கள். சிறகு இருக்கிறவன் தலைவனாக இருப்பதில் உள்ள கோளாறு. தொடர் முழுக்கப் பெரியவர்களுக்கான குறை என்றால் இதுதான். மைக்கேல் யார்க் குரல் வேறு, கெட்டதைக்கூட மரியாதையாகச் சொல்கிற குரல். கடைசியில் மன்னித்துக் கட்டிப்பிடிக்காமல் ஐந்து குளிர்காலம் ஊரைவிட்டு விலக்கிவைக்கிறார்கள் பாருங்கள், அது பிடித்தது.

மார்ச் 18

கேள்வி கேட்டவர் 11-ஆம் படம் வரை வந்துவிட்டாராம். “உங்கள் லிட்டில்ஃபுட்டும் பொய் சொல்கிறானே” என்று எனக்கே எழுதியிருக்கிறார். என் லிட்டில்ஃபுட்டா? அவனை முதல் நாள் தங்கமான பிள்ளை என்றவர் யார்?

ஆனால் நல்ல இடத்துக்கு வந்திருக்கிறார். 2005-இல் வந்த படம் அது. எல்லாரும் காத்துக்கொண்டிருந்த மரத்துப் பூக்களை லிட்டில்ஃபுட் திருட்டுத்தனமாக எட்டப் போய் மொத்தமும் உதிர்ந்துவிடுகிறது, எங்கிருந்தோ வந்த குட்டிக் குட்டி டைனோசார்கள் தின்றுவிடுகின்றன. பெரியவர்கள் கேட்டபோது அவன் அந்தக் குட்டிகள் மேல் பழியைப் போட்டுவிடுகிறான். பிறகு பள்ளத்தாக்கே அவற்றை வேட்டையாடக் கிளம்புகிறது. பதினோரு படம் காத்திருந்து கதாநாயகனுக்கு ஒரு குறை கொடுத்தார்கள், அது கொடுத்த விளைவைப் பாருங்கள். செரா எத்தனையோ பேரை வாயால் புண்படுத்தியிருக்கிறாள். ஒரு இனத்தையே ஊர் துரத்தும்படி அவள் செய்ததில்லை. நல்ல பையன் என்ற பெயர் இருந்ததால்தான் அவன் சொன்னதை யாரும் சந்தேகப்படவில்லை.

அதே படத்தில் செராவின் அப்பாவுக்கு ட்ரியா என்று பழைய சிநேகிதி வருகிறாள். ஊரையே நடுங்கவைத்த ஆளை ‘டாப்சி’ என்று செல்லமாகக் கூப்பிடுகிறாள், அவர் குழைகிறார். செராவுக்கு முதலில் அவளைக் கண்டாலே ஆகாது. ட்ரியாவும் முக்கொம்பி, சொந்த இனம்! சொந்த இனத்தோடு மட்டும் இரு என்று வளர்க்கப்பட்டவளுக்கு வீட்டுக்குள் வரும் சொந்த இனத்துப் பெண்தான் பொறுக்கவில்லை.

மார்ச் 18, இரவு

இல்லை, 14-ஆம் படத்தை நான் சிபாரிசு செய்யவில்லை. ஆனாலும் பார்ப்பேன் என்றால், அதில் வைல்ட் ஆர்ம்ஸ் என்று ஒரு வாய்ச்சவடால் வருவான், பேச்சில் புலி, ஆபத்து என்றால் ஆள் இருக்க மாட்டான். செராவை அவன் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். அவளும் பீற்றுவாள், ஆனால் பீற்றிய இடத்துக்கு எப்படியும் ஓடி வந்துவிடுவாள். முதல் படத்தின் கடைசியில் கூர்ப்பல்லன் மேல் பாறையைத் தள்ள ஆள் போதாமல் திணறும்போது தலையைக் கொடுக்க வந்தது யார் என்று அக்கா மகளைக் கேட்டால், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள்.

10-ஆம் படத்தில் லிட்டில்ஃபுட்டின் அப்பா வருகிற கதையை யாராவது தனியாக எழுதுங்கள், அதில் வரும் ஷார்ட்டி என்ற குட்டி நெடுங்கழுத்தனைப் பற்றி எனக்கு நிறையச் சொல்ல இருக்கிறது.